தேடாமல் சொன்ன 'இல்லை'

கனடாவின் கிழக்குக் கரையோரம் நியூ பிரன்சுவிக் என்று ஒரு சின்ன மாகாணம். 2021-ல் மக்கள்தொகை எட்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பெரும்பகுதி காடு, மிச்சம் கடல், நடுவில் சில ஊர்கள். 2021 மார்ச்சில் அந்த மாகாணத்தின் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு அனுப்பியது. இன்னதென்று தெரியாத மூளை நோய் ஒன்று 40-க்கும் மேற்பட்டோரிடம் காணப்படுகிறது, இப்படிப்பட்ட அறிகுறிகளோடு யாராவது வந்தால் தெரிவியுங்கள் என்பது அதன் சாரம். குறிப்பு கசிந்து ரேடியோ-கனடா என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் செய்தியில் வந்தது. தங்கள் ஊரில் அப்படி ஒரு நோய் பேசப்படுகிறது என்பதே அங்குள்ள மக்களுக்குத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்தது. ஊர் முழுக்கக் கோவிட் பயத்தில் இருந்த நேரம் வேறு.

இந்த விவகாரத்தை அப்போதிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். முதலில் வெறும் ஆர்வம். அப்புறம் ஒருவிதக் கோபம். யார் மேல் கோபம் என்பதுதான் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அறிகுறிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மறதி, தள்ளாட்டம், தசை வெட்டி வெட்டி இழுப்பது, காரணம் புரியாத உடல்வலி, தூக்கமே வராமல் போவது, கிடுகிடுவென எடை குறைவது. சிலருக்குப் பற்கள் தாமாகவே கிடுகிடுத்தன. சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன. இன்னும் சிலருக்கு, எதிரில் நிற்கும் கணவனையோ மனைவியையோ பார்த்து, 'இது அவர் இல்லை, அவரைப் போலவே இருக்கிற வேறு யாரோ' என்ற எண்ணம் வந்தது. காப்கிரா மயக்கம் என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர். எழுபது வயதில் இதெல்லாம் வந்தால் முதுமை என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். இங்கே இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்களும் பட்டியலில் இருந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்தவர் ஒரே நரம்பியல் மருத்துவர்: மாங்டன் நகரத்தின் அலியே மரெரோ. நோயாளிகள் இருந்ததும் முக்கியமாக இரண்டு பகுதிகளில்: மாங்டனைச் சுற்றி, அப்புறம் வடகிழக்கில் அகேடிய தீபகற்பம். பிரெஞ்சு பேசும் மீனவர்கள் வாழும் கடலோரம் அது. நண்டும் லாப்ஸ்டரும்தான் அங்கே பிழைப்பு.

மரெரோ முதலில் சந்தேகப்பட்டது குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோயை. பிரியான் என்ற புரதம் உருக்குலைந்து மூளையைக் கடற்பஞ்சு மாதிரி ஆக்கிவிடும் நோய் அது. கனடாவில் அதைக் கண்காணிக்க மத்திய அரசின் தனி அமைப்பு இருக்கிறது. அங்கே மாதிரிகள் போயின. பிரியான் இல்லை என்று பதில் வந்தது. ஆனால் அந்த அமைப்பின் தலைவர் மைக்கேல் கூல்தார்ட் அதோடு கோப்பை மூடவில்லை. பிரியான் இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். சுற்றுச்சூழல் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்கியது.

இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபட்டன. ஒன்று, நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் பிஎம்ஏஏ என்ற நஞ்சு. குவாம் தீவில் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பரவியிருந்த விசித்திர நரம்பு நோய்க்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு உண்டா என்று பல பத்தாண்டுகளாக விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று டொமோயிக் அமிலம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

நியூ பிரன்சுவிக்கின் பக்கத்து மாகாணம் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. 1987 நவம்பர், டிசம்பரில் கனடாவின் வெவ்வேறு ஊர்களில் இருந்து ஒரே மாதிரிப் புகார்கள் வந்தன. மசல் என்னும் கருநீலச் சிப்பியைச் சாப்பிட்டவர்களுக்கு முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஓரிரு நாளில் குழப்பம், வலிப்பு. பிழைத்தவர்களில் சிலருக்கு, காலையில் யாரைப் பார்த்தோம் என்பது மாலையில் நினைவில் இல்லை. அந்தப் பழுது நிரந்தரமாகவே தங்கிவிட்டது. 100-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், மூன்று பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் மூளையில் நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சிதைந்திருந்தது.

சிப்பிகள் அந்தத் தீவிலிருந்து வந்தவை என்று தெரிந்ததும் விற்பனையை நிறுத்தினார்கள். சிப்பிச் சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தபோது, அவை பின்னங்காலால் தோளைச் சொறிந்துகொண்டே இருந்தன. ஏற்கெனவே தெரிந்த எந்தச் சிப்பி நஞ்சும் எலியை அப்படிச் செய்வதில்லை. இது வேறு ஏதோ என்று அந்தச் சொறிதல் காட்டிக்கொடுத்தது. ஹாலிஃபாக்ஸில் இருந்த தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் வேதியியலாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்து, ஒரு வாரத்துக்குள் டொமோயிக் அமிலம்தான் என்று கண்டுபிடித்தார்கள். சூடோ-நிட்சியா என்ற நுண்பாசி அதை உண்டாக்குகிறது, சிப்பி அந்தப் பாசியைத் தின்கிறது. ஒரு கிராம் சிப்பி இறைச்சியில் 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இன்று பல நாடுகளில் அதே வரம்புதான். சிப்பி வியாபாரமும் செத்துப்போகவில்லை. சோதனை போடுகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஜனங்கள் மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதே நாடு, அதே கடல். இங்கே நடந்ததைப் பாருங்கள்.

2021 வசந்த காலத்தில் மத்திய அரசின் விஞ்ஞானிகளும் பல்கலைக்கழக நிபுணர்களும் சேர்ந்து திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பணமும் இருந்தது. பிறகு மாகாண அரசு, இதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. மத்திய நிபுணர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். மாகாணம் தன் பங்குக்கு ஒரு மேற்பார்வைக் குழு அமைத்தது. குழு நோயாளிகளின் கோப்புகளைப் படித்தது. பொதுச் சுகாதாரத் துறை நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் நீண்ட கேள்வித்தாளைக் கொடுத்து என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போனீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டது. குடும்பத்தார் எதிர்பார்த்துக் காத்திருந்த பரந்த ஆய்வு, அதாவது தண்ணீர், மண், மீன், மூளைத்திசு எல்லாவற்றிலும் நஞ்சு தேடுவது, நடக்கவே இல்லை.

2022 பிப்ரவரி 24 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் டாரதி ஷெப்பர்ட் முடிவை அறிவித்தார். பதிவான 48 பேருக்கும் பொதுவான நோய் எதுவும் கிடையாது. 41 பேருக்கு வேறு விளக்கம் இருக்கக்கூடும்: அல்சைமர், லூயி பாடி மறதிநோய், புற்றுநோய் இப்படி. விசாரணை முடிந்தது.

இந்த முடிவு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அநேகமாகச் சரியாகவே இருக்கலாம். இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்த ஒட்டாவா நோய்க்குறியியல் நிபுணர் ஜெரார்ட் யான்சனும் ஏற்கெனவே அறியப்பட்ட நோய்களைத்தான் கண்டார். ஆனால் முடிவு சரியாக இருப்பது ஒன்று, அதை ஊர் நம்புவது இன்னொன்று. நம்ப வேண்டுமென்றால் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பாம்பு இல்லை என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டே சொன்னால் பிள்ளை தூங்குமா? பாம்பு உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் பிள்ளை தூங்காது.

2024-ல் இன்னொன்று வெளியானது. ஓரங்கட்டப்பட்ட அதே கூல்தார்ட் ஒரு சக ஊழியருக்கு எழுதிய மின்னஞ்சல் கசிந்தது. இந்த விவகாரத்திலிருந்து தன்னை வெட்டிவிட்டார்கள், அதற்கு அரசியல்தான் காரணம் என்று நினைக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தார். நியூ பிரன்சுவிக்கில் உண்மையாகவே ஏதோ நடக்கிறது, அதை ஒரே ஒரு நரம்பியல் மருத்துவரின் சாய்வு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது என்பதும் அதில் இருந்தது. அவர் நினைப்பதும் தவறாக இருக்கலாம். ஆனால் நாட்டின் பிரியான் கண்காணிப்புக்கே தலைவராக இருந்தவர் சக ஊழியரிடம் ஒன்று எழுத, அரசு மேடையில் வேறொன்று சொன்னால், ஜனங்கள் எதை நம்புவார்கள்?

'சதிக் கோட்பாடு' என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது சுலபம். நகரத்தில் உட்கார்ந்து எழுதும் பலர் அப்படித்தான் செய்தார்கள். அவர்களுக்கு அந்த மாகாணத்தின் பழைய கதை தெரியாது என்று நினைக்கிறேன்.

1952-லிருந்து நியூ பிரன்சுவிக் காடுகள்மேல் விமானத்தில் டிடிடி தெளித்தார்கள். ஊசியிலை மரங்களைத் தின்னும் மொட்டுப்புழுவைக் கொல்ல. காகிதக்கூழ் ஆலைகளுக்கு மரம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். 1954-ல் மிராமிச்சி ஆற்றில் சால்மன் குஞ்சுகள் செத்து மிதந்தன. தெளிப்பு நிற்கவில்லை. 1960-களின் இறுதிவரை டிடிடி, அப்புறம் வேறு மருந்துகள். 1970-களில் ஹாலிஃபாக்ஸ் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர் ஜான் குரோக்கர், தெளிப்புக் கலவையில் சேர்க்கும் பொருட்களுக்கும் குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதியபோது பெரிய சர்ச்சையே நடந்தது.

1966, 1967-ல் அதே மாகாணத்தின் கேஜ்டவுன் ராணுவத் தளத்தில் அமெரிக்க ராணுவம் கனடாவின் சம்மதத்தோடு ஏஜென்ட் ஆரஞ்சைத் தெளித்துப் பார்த்தது. வியட்நாமில் பயன்படுத்திய அதே களைக்கொல்லி. இதற்கு மத்திய அரசு இழப்பீடு அறிவித்தது 2007-ல். தகுதி உள்ளவர்களுக்குத் தலா 20,000 டாலர், ஒரே தடவை. நாற்பது வருடம்! அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

காட்டில் இன்றும் தெளிப்பு நடக்கிறது. இப்போது கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி. மரம் வெட்டிய இடத்தில் அகல இலை மரங்கள் தலைதூக்காமல், ஆலைக்கு வேண்டிய ஊசியிலை மரம் மட்டும் வளர்வதற்காக. பக்கத்து கியூபெக் மாகாணம் அரசுக் காடுகளில் இதை 2001-லேயே நிறுத்திவிட்டது. நியூ பிரன்சுவிக்கில் மரத்தொழில் என்றால் இர்விங் குடும்பம். எண்ணெய் சுத்திகரிப்பும் அந்தக் குடும்பம்தான். 2022 வரை மாகாணத்தின் ஆங்கில நாளிதழ்களும் அவர்கள் கையில்தான் இருந்தன. விசாரணை நடந்தபோது மாகாண முதல்வராக இருந்த பிளெய்ன் ஹிக்ஸ் அரசியலுக்கு வருமுன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இர்விங் ஆயிலில் வேலை பார்த்தவர். இதில் எதுவுமே நோய்க்குக் காரணம் இதுதான் என்று நிரூபிக்காது. விசாரணையில் யாராவது தலையிட்டார்கள் என்பதற்கும் இது ஆதாரம் ஆகாது. ஆனால் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் ஒருவர் 'காட்டுத் தெளிப்பைச் சோதித்துப் பார்த்தீர்களா?' என்று கேட்டால் அது பைத்தியக்காரத்தனம் ஆகிவிடாது.

நியூ பிரன்சுவிக்குக்கு வெளியே போனால் ஒன்டாரியோவின் கிராஸி நாரோஸ் இருக்கிறது. ஆனிஷினாபே பழங்குடி மக்களின் ஊர். 1962 முதல் 1970 வரை டிரைடன் நகரத்துக் காகித ஆலை ஒன்று சுமார் 9 டன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. அந்த ஆற்று மீன்தான் ஊருக்குச் சாப்பாடு, வருமானம் எல்லாமே. ஜப்பானின் மினமாட்டா ஊரில் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்து வந்த மருத்துவர் ஹரதா மசாசுமி 1975-ல் அங்கே வந்து மக்களைப் பரிசோதித்தார். கை கால் மரத்துப்போதல், நடுக்கம், பார்வை சுருங்குதல் என மினமாட்டாவில் பார்த்ததையே இங்கேயும் பார்த்தார். பாதரச நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லம் கட்டித் தருகிறோம் என்று கனடா அரசு வாக்குக் கொடுத்தது 2017-ல்.

சரி, அரசைத் திட்டியாயிற்று. இனி மறுபக்கம். அதை எழுதாவிட்டால் நானும் ஒரு கட்சிக்காரன் ஆகிவிடுவேன்.

என் பெரியம்மாவுக்கு மூளை நோய் வந்தபோது முதலில் மனச்சோர்வு என்றார்கள். அப்புறம் பார்க்கின்சன் என்றார்கள். கடைசியில் லூயி பாடி என்றார்கள். ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும் வீட்டில் எங்களுக்கு, இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் தோன்றியது. பின்னாளில் ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: இந்த நோய்கள் ஆரம்பத்தில் ஒன்றைப் போல ஒன்று வேஷம் போடும், உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் எட்டிப் பார்க்க வழி குறைவு, கடைசி விடை பல நேரம் பிரேதப் பரிசோதனையில்தான். பெரியம்மாவுக்கு மாலை நேரத்தில் ஜன்னல் ஓரம் குழந்தைகள் தெரிவார்கள். 'அதுங்களுக்கு ஏதாவது சாப்பிடக் குடுடி' என்பார். அந்த உருவங்களும் தசை இழுப்பும் அவருக்கும் இருந்தன. நியூ பிரன்சுவிக் அறிகுறிப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது பாதி எனக்குத் தெரிந்ததாகவே இருந்தது.

அதனால் 2025 மே மாதம் ஜாமா நியூராலஜி இதழில் வந்த ஆய்வைக் குடும்பங்கள் தூக்கி எறிந்த மாதிரி என்னால் எறிய முடியவில்லை. டொரன்டோ பல்கலைக்கழக நரம்பியலாளர் ஆந்தனி லாங் உள்ளிட்டோர் செய்தது அது. நியூ பிரன்சுவிக் நோயாளிகளில் 25 பேரை எடுத்துக்கொண்டார்கள். 14 பேர் உயிரோடு இருந்தவர்கள், 11 பேர் பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்கள். புதிய நோய்க்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அல்சைமர், லூயி பாடி, தலைக்காயத்தின் பின்விளைவு, பரவிய புற்றுநோய், செயல்பாட்டு நரம்பியல் கோளாறு எனப் பல நோய்கள் ஒரே பெயரின்கீழ் சேர்ந்திருந்தன.

இந்தச் 'செயல்பாட்டு நரம்பியல் கோளாறு' என்ற சொல்தான் பலரைக் காயப்படுத்தியது. மூளையில் புண்ணோ கட்டியோ இல்லை, ஆனால் மூளை உடலை இயக்கும் விதம் தடம் மாறியிருக்கிறது என்பது அதன் பொருள். கை நடுங்குவது நிஜம், கால் செயலற்றுப் போவது நிஜம். சரியான பயிற்சி கொடுத்தால் ஓரளவு மீளவும் வழி உண்டு. ஆனால் நோயாளியின் காதில் அது 'நடிக்கிறாய்' என்றுதான் விழுகிறது. ஏற்கெனவே அரசு கை கழுவிய ஒருவரிடம் இந்த வார்த்தையைச் சொன்னால் எப்படி இருக்கும்? வேறு நேரமாக இருந்தால் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருப்பார். சிகிச்சைக்கும் போயிருப்பார்.

நம்பிக்கை போனால் அது காற்றில் கரைந்துவிடுவதில்லை, வேறு யாரிடமாவது போய்ச் சேர்கிறது. இங்கே அது மொத்தமாக மரெரோவிடம் போய்ச் சேர்ந்தது. எங்களை நம்பிய ஒரே மனிதர் என்கிறார்கள் குடும்பத்தார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. 48 என்றிருந்தது 147 ஆனது, 2024-ல் 400-ஐத் தாண்டியது. இத்தனை பேரில் பெரும்பாலோரை வேறொரு நரம்பியலாளர் உட்கார்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது கருத்துக்குப் போகலாம் என்றால் நோயாளிகளில் பலரே வேண்டாம் என்றார்கள். மரெரோ நேர்மையானவராகவே இருக்கட்டும். ஒரே ஒருவர் கண்ணால் மட்டும் பார்த்த நோயை நோய் என்று உறுதி செய்ய முடியாது. அவருக்கே அது நல்லதல்ல.

2023 தொடக்கத்தில் அவர் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் நோயாளிகள் பலரிடம் கிளைஃபோசேட் உள்ளிட்ட பொருட்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்றார். செய்தி தீயாகப் பரவியது. எனக்குப் படித்தவுடன் எழுந்த கேள்வி, எதைவிடக் கூடுதல் என்பதுதான். கிளைஃபோசேட் உடம்பில் தங்கும் சரக்கு இல்லை, சில நாட்களில் சிறுநீரோடு போய்விடும். உணவு வழியாக வட அமெரிக்காவில் ஏராளமானோர் சிறுநீரில் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. இன்று எடுத்த மாதிரியில் இருந்தால் அது கடந்த சில நாளின் கணக்கு. ஐந்து வருடத்துக்கு முன் தொடங்கிய நோய்க்கு அதைச் சாட்சியாக வைக்க முடியாது. ஈயம், பாதரசம் வேறு ரகம். ஈயம் எலும்பில் வருடக்கணக்கில் குடியிருக்கும், பாதரசம் முடியில் தடம் விடும். எதைத் தேடுகிறோமோ அதற்கேற்ற இடத்தில், அதற்கேற்ற காலத்தில் தேட வேண்டும். 2021-ல் மத்திய அரசு நிபுணர்கள் செய்யத் தயாராக இருந்த வேலை கிட்டத்தட்ட இதுதான். அதைத் தடுத்துவிட்டு, பின்னால் ஒரு மருத்துவர் தன்னந்தனியாகச் சோதனைக்கூடங்களுக்கு மாதிரி அனுப்பிக்கொண்டிருப்பதைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

2024 அக்டோபர் தேர்தலில் ஹிக்ஸ் தோற்றார். புதிதாக வந்த முதல்வர் சூசன் ஹோல்ட் மறுபடியும் ஆராய்வோம் என்று உறுதி கொடுத்தார். மாகாணத் தலைமைச் சுகாதார அதிகாரி இவ் லெஜே, மரெரோ அனுப்பிய 222 பேரின் தகவல்களை ஆராயப்போவதாக 2025-ல் சொன்னார். உலோகமும் களைக்கொல்லியும் எவ்வளவு இருந்தன என்ற எண்களும் அதில் அடக்கம்.

நல்லதுதான். ஆனால் கோப்பில் இருக்கும் எண்ணை எத்தனை முறை படித்தாலும் அது அதே எண்தான். நான் அந்த இடத்தில் இருந்தால் கேட்கும் வேலைகள் வேறு. நோயாளி குடியிருக்கும் அதே சாலையில், அதே கிணற்றுத் தண்ணீர் குடித்து, அதே கடையில் மீன் வாங்கி, ஒரு நோயும் இல்லாமல் இருக்கும் அண்டை வீட்டாரிடமும் ரத்தமும் முடியும் எடுக்க வேண்டும். தெளிப்பு நடக்கும் பருவத்தில் ஒரு முறை, நடக்காத பருவத்தில் ஒரு முறை. எந்த மாதிரி யாருடையது என்று சோதனைக்கூடத்துக்குத் தெரியக் கூடாது. பாதுகாத்து வைத்திருக்கும் மூளைத்திசு ஏதாவது மிச்சமிருந்தால், குடும்பத்தார் சம்மதித்தால், அதில் பிஎம்ஏஏ உண்டா என்று இரண்டு வெவ்வேறு கூடங்களில் பார்க்க வேண்டும். பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு, எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை என்றே வெளியிடட்டும். செலவாகும்தான். 1987-லும் செலவானது.